முப்பதுக்குக் கீழே

ஓசூர்
14 ஆகஸ்ட் 2024

முனீஸ்வரி அவர்களுக்கு,

அக்கா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

நீ தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் போவதாகத் தமிழ்ச்செல்வி சொன்னாள். குழந்தைக்குப் பால் கொண்டுபோகிறாயாம், துணியை மடித்து வைக்கிறாயாம். நாத்தனாரை வராதே என்று சொல்ல அவளுக்குப் பயம். அதனால் நான் சொல்கிறேன். போகாதே. என் பெண்டாட்டி பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன். உன் நம்பரைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். இங்கே ஒரே ரூமில் ஆறு பேர் படுத்திருக்கிறோம், கத்துவதற்கும் இடமில்லை. அதனால்தான் கடிதம்.

ஒன்பது வருஷம் கப்பலூர் ரப்பர் கம்பெனிக்கு வேன் ஓட்டினேன். ஒரு கீறல் உண்டா? நீயே அந்த வேனில்தான் வேலைக்கு வந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து, கிடா விருந்து. ஊரே குடித்தது, நானும் குடித்தேன். உன் வீட்டுக்காரர்தான் ஊற்றிக் கொடுத்தார். உக்கிரபாண்டி மச்சானை நீ என்ன செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினேன். காலையில் எழுந்து குளித்து, டீ குடித்து, திருநீறு பூசிக்கொண்டு வண்டியை எடுத்தேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் என்று இப்போது ஊர் பேசுகிறது. முந்தின நாள் குடித்தவன் நான். மறுநாள் வண்டி ஓட்டியவன் நான். இரண்டும் வேறு.

சமயநல்லூரில் ஆட்களை ஏற்ற நிறுத்தியதும் நீ கீழே இறங்கினாய். ஏற வந்தவர்களை மறித்தாய். உள்ளே இருந்தவர்களையும் இறங்கச் சொன்னாய். என் கண்ணுக்கு முன்னாலேயே கம்பெனிக்குப் போன் போட்டாய். சூப்பர்வைசர் காசிமாயன் செக்யூரிட்டியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து, ரோட்டோரத்தில் அத்தனை பெண்கள் பார்க்க என்னை மெஷினில் ஊதச் சொன்னார். நாற்பத்தொன்று.

சட்டம் சொல்வது முப்பது. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் வரை இருக்கலாம். எனக்குப் பதினொன்று கூட. அந்தப் பதினொன்றுக்காக என் வேலை போனது. இங்கிலாந்தில் எண்பது வரைக்கும் விட்டுவிடுவார்களாம், ரூமில் இருக்கும் பையன் போனில் பார்த்துச் சொன்னான். அந்த ஊரில் பிறந்திருந்தால் நான் யோக்கியன்.

அன்றைக்கு என்ன நடந்துவிட்டது, சொல். யாருக்காவது அடிபட்டதா? எதன் மேலாவது மோதினேனா? ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்கு இவ்வளவு தண்டனையா? கூடப் பிறந்தவள் நீ. என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இங்கே காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறேன். பதில் எழுதாதே.

செல்வக்குமார்


வாடிப்பட்டி
24 ஆகஸ்ட் 2024

தம்பி செல்வத்துக்கு,

பதில் எழுதாதே என்று சொன்னவன் கவரில் அட்ரஸை ஏன் முழுதாக எழுதியிருந்தாய்?

பால் கொண்டுபோவதை நிறுத்த மாட்டேன். அது உனக்காக இல்லை. பாப்பா இப்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறாள். அந்த நேரத்தில் நான் அங்கே இருக்க வேண்டும்.

தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிறாய். சொன்னேன். வீட்டு வாசலில் நீ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தேன். நீ புதினா மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தாய். அதையும் மீறி வாடை வந்தது. “கண்ணு இப்படிச் சிவந்து கெடக்கே, இன்னைக்கு வேற ஆள அனுப்பச் சொல்லுடா” என்றேன். நீ சிரித்துக்கொண்டே, “நல்லாத் தூங்கி எந்திரிச்சுத்தான் வாரேன், நீ ஏறு” என்றாய். நானும் ஏறிவிட்டேன். வாடிப்பட்டி நிறுத்தத்தில் மற்றவர்கள் ஏறியபோதும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கேட்பதானால் அதைக் கேள். சமயநல்லூரில் ஏன் இறங்கினாய் என்று கேட்காதே, வாடிப்பட்டியில் ஏன் ஏறவிட்டாய் என்று கேள்.

சமயநல்லூருக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில் ஒரு பால்காரர் சைக்கிளில் போனார், பின்னால் இரண்டு பக்கமும் கேன். நீ அவரை ஒட்டிப் போனாய். எவ்வளவு ஒட்டி என்றால், நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருந்தால் அவர் தோளைத் தொட்டிருப்பேன். அவர் கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் ஊன்றியது. சைக்கிள் ஆடி ஆடி மண்ணில் இறங்கி நின்றது. நான் உன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். பயந்திருப்பாய், திட்டுவாய், குறைந்தது உச்சுக்கொட்டுவாய் என்று பார்த்தேன். நீ ஒன்றுமே நடக்காத முகத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தாய். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். சமயநல்லூருக்கு அப்புறம் நாலுவழிச் சாலை. அதில் நீ எந்த வேகத்தில் போவாய் என்று எனக்குத் தெரியும்.

போலீஸைக் கூப்பிடவா, கம்பெனியைக் கூப்பிடவா என்று யோசித்தேன். போலீஸ் என்றால் கோர்ட், பத்தாயிரம் அபராதம், இல்லாவிட்டால் ஆறு மாதம் உள்ளே, லைசென்ஸும் போகும். கம்பெனி என்றால் வேலை மட்டும்தான் போகும். அதை யோசித்துத்தான் செய்தேன். யோசித்ததை உன்னிடம் சொன்னால் நீ நம்பப் போவதில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

நாற்பத்தொன்று என்பது காசிமாயன் வந்து சேர்ந்த பிறகு ஊதியது. அவர் கப்பலூரிலிருந்து வரும் வரை நீ டீக்கடையில் மோர் வாங்கி வாங்கிக் குடித்தாய். நீ வண்டியை எடுத்தபோது எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கம்பெனியில் முதலுதவி பார்க்கிற நர்சம்மாவிடம் கேட்டேன். குளியலோ டீயோ மோரோ ரத்தத்தில் இருப்பதைக் குறைக்காதாம். ஈரல் அதன் பாட்டுக்குத்தான் வேலை செய்யுமாம், அவசரப்படுத்த முடியாதாம். தூங்கினால் தெளிந்த மாதிரி இருக்குமே தவிர, நிறையக் குடித்தவனுக்கு மறுநாள் காலையிலும் பாதி உள்ளேதான் கிடக்கும் என்றார்.

உன் மச்சானை என்ன செய்தாய் என்று கேட்டிருந்தாய். அன்றைக்கு நான் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவர் மத்தியானம் வரை எழுந்திருக்கவே இல்லை. எழுந்ததும் பைக் சாவியைக் கேட்டார். கொடுக்கவில்லை. வயலுக்கு நடந்துதான் போனார். அதற்கு அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கம்பெனியில் அரைநாள் சம்பளம் போனதென்று வேனில் வருகிற யாரும் பேசவில்லை. நீயும் பேசவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. எனக்கும் போனது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். நடந்திருந்தால் என் பக்கம் நியாயம் இருந்தது என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நடக்காமல் போனதால் எனக்குச் சாட்சியே இல்லை.

மூட்டை தூக்கும்போது இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்.

அக்கா
முனீஸ்வரி


ஓசூர்
8 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

எந்த சைக்கிள்?

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அந்தக் காலையை முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன். வாடிப்பட்டி பிரிவில் ஒரு பஸ் திரும்பக் காத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறது. கரும்பு டிராக்டர் ஒன்றை விலக்கினேன். பெட்ரோல் பங்க் வாசலில் இரண்டு நாய் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ராமக்காள் அத்தை பின்னால் உட்கார்ந்து மருமகளைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தது கூடக் காதில் இருக்கிறது. சைக்கிள் இல்லை. பால் கேன் இல்லை. யாரும் இல்லை.

நீ செய்ததை நியாயப்படுத்த ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து ரோட்டில் விட்டிருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியே எழுதி அனுப்பவும் ஒரு தாளை எடுத்தேன். பிறகு கிழித்துவிட்டேன். சின்ன வயதில் அம்மாவிடம் என்னைக் காப்பாற்றுவதற்குக்கூட நீ ஒரு பொய் சொன்னது கிடையாது. அதற்காக உன்னைப் பிடிக்காமல் இருந்த நாள் நிறைய உண்டு.

ஒன்பது வருஷமாக அந்த ரோடு எனக்குப் பாடம். எந்த வளைவில் ஆடு குறுக்கே வரும், எந்த வீட்டுப் பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவரும் என்று வரும் முன்னாலேயே கால் பிரேக்குக்குப் போகும். அப்படிப்பட்டவன் ஒரு ஆளைப் பார்க்காமல் போவேனா? பார்த்தும் மறந்திருப்பேனா? ராமக்காள் அத்தையைக் கேட்டுச் சொல். அந்தப் பால்காரரைத் தெரிந்தால் அவரையும் கேள். நிஜமாகத்தான் கேட்கிறேன். சண்டைக்கு இல்லை.

மண்டி முதலாளி மினி லாரி ஓட்டச் சொல்லியிருக்கிறார். லைசென்ஸ் கையில் இருப்பதால்தான் கிடைத்தது. அது யாரால் என்று எழுதியிருந்தாய். படித்தேன்.

செல்வம்


வாடிப்பட்டி
20 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

கேட்டேன்.

பால்காரர் பெயர் முத்துப்பாண்டி. சமயநல்லூர் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போய், அவர் வருகிற கடையில் காத்திருந்து பிடித்தேன். ஆடி பிறப்பதற்கு முந்தின வாரம், திங்கட்கிழமை, வெள்ளை வேன், பக்கவாட்டில் பச்சைக் கோடு என்று எல்லாம் சொன்னேன். காலை ஊன்றினீர்களே, சைக்கிள் மண்ணில் இறங்கியதே என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“தெனமும் ரெண்டு தடவயாச்சும் அப்படி எறங்குறேம்மா. எந்த வண்டினு நான் பாக்குறதில்ல. கேன் சாயாம இருந்தாப் போதும்.”

அவருக்கும் ஞாபகம் இல்லை. நீ தேடுகிற சாட்சி அவர் இல்லை. ஏமாற்றத்தோடுதான் திரும்பி வந்தேன். வழியில் எனக்கு வேறு ஒரு எண்ணம் வந்தது. தினம் இரண்டு தடவை அவரை மண்ணில் இறக்குகிற வண்டிகளை ஓட்டுகிற எல்லோருமே குடித்தவர்களாக இருக்க மாட்டார்கள். அவசரம், போன், சும்மா அலட்சியம். அப்படியிருக்க உன்னை மட்டும் ஏன் பிடித்தேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்து நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். உன் வண்டியில் நான் இருந்தேன், அவ்வளவுதான். மற்ற வண்டிகளில் நான் இல்லை.

ராமக்காள் அத்தை பார்த்திருக்கிறார். நான் கேட்டதும் முதலில், “அதெல்லாம் எனக்கு எதுக்குடி” என்றார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவராகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சைக்கிள்காரர் கீழே விழுந்துவிட்டார் என்றே நினைத்து, திரும்பிப் பார்த்தாராம். நிற்பதைப் பார்த்ததும் மூச்சு வந்ததாம். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றேன். நீ நல்ல பையன், உன் கல்யாணத்துக்குத் தான்தான் தாம்பூலத் தட்டு தூக்கி வந்தது, தன் வாயால் உன் சோற்றில் மண் விழ வேண்டாம் என்று இருந்துவிட்டாராம். நான் செய்தது சரியா தப்பா என்று அத்தையைக் கேட்டேன். ரொம்ப நேரம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“சரிதான். ஆனா நானா இருந்தா செஞ்சிருக்க மாட்டேன்” என்றார்.

நான் பாக்ஸை வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.

நீ பார்க்கவில்லை செல்வம். மறக்கவில்லை, பார்க்கவே இல்லை. நாயைப் பார்த்திருக்கிறாய், டிராக்டரைப் பார்த்திருக்கிறாய், ஒரு ஆளைப் பார்க்கவில்லை. அதுதான் உன்னிடம் நான் சொல்ல நினைத்தது. வேறு எதையும் நிரூபிக்க எனக்கு ஆசை இல்லை.

பாப்பா நேற்று கையை விட்டுவிட்டு மூன்று எட்டு வைத்தாள். தமிழ்ச்செல்வி வீடியோ அனுப்பியிருப்பாள். கடைசியில் தொப்பென்று உட்கார்ந்து தானே கைதட்டிக்கொண்டாள் பார்.

அக்கா


ஓசூர்
16 அக்டோபர் 2024

அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது எழுத ஒன்று இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு மண்டியில் எல்லா லாரிக்கும் சந்தனம், குங்குமம், வாழைமரம். சாயங்காலம் முதலாளி டிரைவர்களுக்குக் கறி விருந்து வைத்தார், கூடவே பாட்டிலும். நானும் குடித்தேன். குடிக்கவில்லை என்று உன்னிடம் சொல்லப் போவதில்லை. சீக்கிரமே போய்ப் படுத்தேன். விடியும் முன்னால் பெங்களூருக்குத் தக்காளி லோடு. எழுந்தேன், குளிர்ந்த தண்ணீரில் குளித்தேன். தலைவலி இல்லை, கால் தள்ளாடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், கண்கூடச் சிவக்கவில்லை. நன்றாக இருந்தேன் அக்கா. சாவியை எடுக்கப் போனேன்.

அப்போதுதான் தோன்றியது, அந்தத் திங்கட்கிழமையும் இப்படியேதான் நன்றாக இருந்தேன். இதே மாதிரி. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆளைப் பார்க்காமல் போகிறவனுக்குப் பார்க்கவில்லை என்று எப்படித் தெரியும்? சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டு முதலாளியிடம் போனேன். ராத்திரி குடித்தது இன்னும் உள்ளே இருக்கும், வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நேற்று நீ குடித்தது எல்லோரையும்விடக் கம்மிதானே, இங்கே எவன் ஊதிப் பார்க்கப் போகிறான், தக்காளி வாடிப்போகும் என்று கத்தினார். நான் அசையவில்லை. கடைசியில் இன்னொரு டிரைவரை அனுப்பினார். அவனும் குடித்தவன்தான். இதை உன்னிடம் மறைக்கக் கூடாது. நான் இறங்கிய வண்டியில் என்னைவிட அதிகம் குடித்தவன் ஏறிப் போனான். போகாதே என்று அவனிடமும் சொன்னேன். நீ என்ன பெரிய இவனா என்று கேட்டான். லோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நான் போயிருந்தாலும் ஒருவேளை ஒன்றும் நடந்திருக்காது. முதலாளி அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கிறார். சாட்சி இல்லை என்று நீ எழுதியது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ அந்த அத்தனை பேருக்கு முன்னால் நின்றாய். நான் ஒரு முதலாளிக்கு முன்னால் நின்றதற்கே வாய் உலர்ந்துவிட்டது.

இன்னொன்று. காசிமாயன் அண்ணன் போன் செய்தார். புது டிரைவர் வண்டி ஓட்டும்போது போன் பேசுகிறானாம், பெண்கள் எல்லோரும் சேர்ந்து மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். “வாரியா மாப்ள? ஒரே கண்டிஷன். தெனமும் ஊதிட்டுத்தான் வண்டிய எடுக்கணும், அவுங்க முன்னாடியே ஊதணும். அதுக்குச் சம்மதம்னா வா” என்றார். மெஷினை வேனிலேயே வைத்துவிடுவார்களாம்.

முதலில் ரோஷம் வந்தது. தினமும் காலையில் அவர்கள் பார்க்க ஊத வேண்டுமா என்று. பிறகு யோசித்தால், ஊதுவது பெரிதாகத் தெரியவில்லை. ஏறுகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் பெரிதாக இருக்கிறது. அவரிடம் பதில் சொல்லவில்லை. உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இருக்கிறேன்.

நான் ஓட்டினால் நீ ஏறுவாயா? தம்பி என்பதற்காகச் சொல்லாதே.

செல்வம்


வாடிப்பட்டி
4 நவம்பர் 2024

தம்பி செல்வத்துக்கு,

தீபாவளிக்கு வருவாய் என்று தமிழ்ச்செல்வி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோடு அதிகம் என்று நீ சொன்னதை நான் நம்பினேன், அவள் நம்பவில்லை. நீ அனுப்பிய பட்டுப்பாவாடை பாப்பாவுக்கு நீளம். மடித்துத் தைத்துப் போட்டுவிட்டோம்.

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. உடனே எழுதாததற்குக் காரணம், நீ கேட்டதற்கு நான் மட்டும் பதில் சொல்லக் கூடாது என்று தோன்றியதுதான். வேனில் வருகிறவர்களிடம் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. இரண்டு பேர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். ஒருத்தி, தினமும் ஊதுகிற டிரைவர் ஊதாத டிரைவரைவிட நல்லதுதானே என்றாள். ராமக்காள் அத்தை நீ வந்தால் போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊதுவதை யார் பார்ப்பது என்று ஒரு சண்டை வந்தது. என்னைப் பார்க்கச் சொன்னார்கள். அக்காவே பார்த்தால் சரிவராது, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வாரத்துக்கு ஒருத்தர் என்று முடிவானது. வேண்டாம் என்ற இரண்டு பேரும் கடைசியில், ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் முழு மனதோடு சொல்லவில்லை. நீ அதைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும்.

நீ தக்காளி வண்டியை விட்டு இறங்கியதை உன் மச்சானிடம் படித்துக் காட்டினேன். அன்று சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இன்னொருவன் குடித்துவிட்டு அந்த வண்டியை எடுத்துப் போனானே என்று நீ வருத்தப்பட்டிருந்தாய். எல்லா வண்டிக்கும் நீ பொறுப்பில்லை. இதை உனக்குச் சொல்லும்போது எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு இன்னும் முத்துப்பாண்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு சங்கடப்படுகிறது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

தம்பி என்பதற்காகச் சொல்லாதே என்றாய். அதனால் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். மெஷினில் முப்பத்தொன்று வந்தால் சட்டம் உன்னைப் பிடிக்கும். இருபத்தெட்டு வந்தால் விட்டுவிடும். அந்த முப்பது யார், எதை வைத்துப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கோ ஒரு இடத்தில் கோடு போட்டாக வேண்டும், போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் முத்துப்பாண்டி உன் கண்ணுக்குத் தெரிவார் என்று யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் இருபத்தெட்டு வந்தாலும் நான் ஏற மாட்டேன். பத்து வந்தாலும் ஏற மாட்டேன். சைபர் வந்தால் மட்டும்தான். மற்றவர்கள் ஏறினால் அது அவர்கள் இஷ்டம். நான் கீழே நின்றுகொண்டு, அன்றைக்குச் செய்த மாதிரியே, உன் கண் முன்னாலேயே கம்பெனிக்குப் போன் செய்வேன். எத்தனை வருஷம் ஆனாலும் செய்வேன். நீ மறுபடியும் என்னோடு பேசாமல் போனாலும் செய்வேன்.

குடிக்காதே என்று சொல்லவில்லை. அதைத் தமிழ்ச்செல்வி சொல்வாள். குடித்த மறுநாள் தக்காளி வண்டிக்குச் சொன்னதையே காசிமாயனிடமும் சொல். அவர் கத்துவார். கத்தட்டும்.

இவ்வளவும் தெரிந்து நீ வந்தால், நான் ஏறுவேன்.

உன் அக்கா
முனீஸ்வரி